ஆணியில் தொங்கிய கொலுசு

தீர்ப்புச் சொல்வது என்றால் நம்மில் பலருக்கும் அல்வா சாப்பிடுவது மாதிரி. அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இந்தக் கதையைச் சொல்கிறேன். ஒரு பொருளுக்கு நான் நீ என்று போட்டி போடுகிற கதைகள் நிறையக் கேட்டிருப்பீர்கள். இது, ஒரு ஜோடிக் கொலுசைத் தன் வீட்டுப் பொருள் இல்லை என்று இரண்டு தாய்மார் சாதித்த கதை.

பட்டாசு ஆலை ஒன்றின் மருந்து அறையில் வேலுத்தாய், மாரிக்கனி என்று இரண்டு பெண்கள் கந்தகம் சலித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே வயது, ஒரே உயரம், அடுத்தடுத்த வீடு. பொங்கலுக்கு ஒரே கடையில் ஒரே மாதிரிக் கொலுசு வாங்கியவர்கள். உரசினால் பொறி கிளம்பும் என்பதால் கொலுசோடு மருந்து அறைக்குள் போகக் கூடாது. கழற்றித் துணியில் முடிந்து வெளிச்சுவரில் உள்ள ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போவார்கள். வேலை முடிந்து வருகிறவள் எடுத்துப் போட்டுக்கொண்டு போவாள்.

கந்தகம் படிந்த கையும் காலும் வெள்ளியைச் சும்மா விடாது. வேலுத்தாயின் அம்மா ராக்கம்மாள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் புளியும் சாம்பலும் போட்டு மகளின் கொலுசை விளக்கிவிடுவாள். கணவன் இல்லாதவள், ஒரே பிள்ளை, அவளுக்கு வேறென்ன வேலை? மாரிக்கனியோ தன் கொலுசைத் தொடவே விடமாட்டாள். நாளைக்கே கறுக்கப்போவதை இன்றைக்கு எதற்கு விளக்க வேண்டும் என்பாள். அவளுடைய அம்மா குருவம்மாளுக்கு அவள் போக இரண்டு மகன்கள் உண்டு.

ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதியம் அந்த அறை வெடித்தது. உள்ளே இருந்தது ஒரே ஒரு பெண். மற்றவள் அதற்குச் சற்று முன்னால் முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு திருப்பூர் பஸ்ஸில் ஏறிப் போனதை டீக்கடைக்காரர் பார்த்திருக்கிறார். எவள் என்று அவருக்குத் தெரியவில்லை. பனியன் கம்பெனிக்கு ஓடிப்போவதைப் பற்றி இருவருமே பேசிக்கொண்டிருந்தவர்கள்தான். ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, ஆகவே இருவர் போனும் வீட்டில் கிடந்தன. உடலோ முகம் பார்த்துச் சொல்லும் நிலையில் இல்லை. இடிந்த சுவரோரம் துணி முடிச்சில் ஒரு ஜோடிக் கொலுசு மட்டும் கிடைத்தது.

அன்று சாயங்காலம் பிணவறை வாசலில் ஆய்வாளர் அந்த முடிச்சைப் பிரித்தார். கொலுசு கரியாகக் கறுத்துக் கிடந்தது. என் மகளுடையது இல்லை என்றாள் ராக்கம்மாள். என் மகளுடையதும் இல்லை என்றாள் குருவம்மாள். சொன்னாளே ஒழிய அவளே அதை நம்பவில்லை. விளக்காத கொலுசு யாருடையது என்று அவளுக்குத் தெரியாதா? தரையில் உட்கார்ந்து வயிற்றில் அறைந்துகொண்டாள்.

இரண்டு ஜோடியையும் விற்ற சங்கிலிமுத்துப் பத்தரை அழைத்து வந்தார்கள். அவர் ஈரத்துணியால் கொலுசை ஒரு துடை துடைத்தார். கறுப்பு முழுவதும் துணிக்கு வந்துவிட்டது. அது வெடித்த மருந்தின் கரி. வெள்ளி தானாகக் கறுத்திருந்தால் ஈரத்துணிக்கு அசையாது, புளி வேண்டும். அதுவும் ஒரே நாளில் கறுக்காது. முதல் வாரம் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, மாதங்கள் போனால்தான் அட்டைக் கறுப்பு. கரிக்கு அடியில் இருந்தது வைக்கோல் நிறம்.

பத்தர் ராக்கம்மாளைப் பார்த்தார். போன ஞாயிற்றுக்கிழமை விளக்கினாயா என்று கேட்டார்.

"இல்ல அண்ணாச்சி. ஒரு மாசமா காய்ச்சல். கொலுசத் தொடவே இல்ல."

குருவம்மாள் அழுகையை நிறுத்தினாள். போன ஞாயிற்றுக்கிழமை தெருக்குழாயடியில் ராக்கம்மாள் புளி போட்டுத் தேய்த்தபோது பக்கத்தில் குடம் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான். தன் மகள் உயிரோடு இருக்கிறாள் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. ராக்கம்மாளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து வந்தாள்.

"சார், இது எம் மக மாரிக்கனி கொலுசுதான். போன ஞாயித்துக்கெழம நாந்தான் வெளக்கிக் குடுத்தேன்."

ஆய்வாளர் பத்தர் பக்கம் திரும்பினார். மாரிக்கனி கொலுசை விளக்கவே விடமாட்டாள் என்பது பத்தருக்கும் தெரியும். கடையில் வைத்து எத்தனையோ தடவை அவளைக் கேலி செய்தவர். ஆனால் ஒரு தாயின் முகத்துக்கு நேராகச் சொல்ல அவருக்கு நா எழவில்லை. அந்த அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டுத் துணியை மடித்துக்கொண்டார். ஆய்வாளர் கொலுசைக் குருவம்மாள் கையில் கொடுத்தார். அவருக்கும் வேலை சீக்கிரம் முடிந்தது.

இருட்டுவதற்குள் தகனம் நடந்தது. குருவம்மாளின் மூத்த மகன் கொள்ளி வைத்தான். குருவம்மாள் "மாரிக்கனி, மாரிக்கனி" என்று அழுதாள். அக்கம்பக்கத்துப் பெண்களோடு நின்ற ராக்கம்மாளும் அதே பெயரைச் சொல்லித்தான் அழ வேண்டியிருந்தது.

காய்ச்சல் என்று பொய் சொன்ன ராக்கம்மாள், இன்னொருத்தியின் சாவைத் தன் வீட்டுக்கு வாங்கிக்கொண்ட குருவம்மாள், கண்டும் வாய் திறக்காத பத்தர். இந்த மூவரில் யார் செய்தது பெரிய தவறு?

பத்தர் செய்தது என்பதுதான் என் விடை. ராக்கம்மாள் பொய் சொன்னது மகளைச் சாகவிட மனமில்லாமல். குருவம்மாள் பொய் சொன்னது, சற்று முன்னால் தன் வயிற்றில் எரிந்தது இன்னொரு வயிற்றில் எரிய வேண்டாம் என்று. அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் பத்தர்தான். சொல்லியிருந்தால் ராக்கம்மாள் தன் மகளைத் தன் மகளின் பெயர் சொல்லியே அனுப்பியிருப்பாள். அவர் காட்டிய இரக்கத்தில் அதுவும் போயிற்று, ராக்கம்மாள் ஏமாறவும் இல்லை. அடுத்த சனிக்கிழமை மாரிக்கனி திருப்பூரிலிருந்து வந்து வாசலில் நின்றபோது தெருவே அலறியது. ராக்கம்மாள் மட்டும் திடுக்கிடவில்லை. எழுந்து வந்து குருவம்மாளிடம் கை நீட்டினாள்.

"கொலுசக் குடு மதினி. நாளைக்கு ஞாயித்துக்கெழம."