அப்பா பெயர்க் கட்டம்

என் மகள் நடை பழகிய வருஷம், நான் வேலை பழகினேன். சங்கரன்கோவிலில் ஒரு சைக்கிள் கடை மாடியில், மூன்று மேஜை போட்ட சின்ன கம்ப்யூட்டர் ஆபீஸ். பஞ்சர் ஒட்டும் பசை வாசம் படியேறி வரும். இப்போதும் எங்காவது அந்த வாசம் வந்தால் அந்த மூன்று மேஜைகளும் கண்ணுக்குள் வந்துவிடும்.

எனக்கு புரோகிராம் சொல்லிக்கொடுத்தவள் ஷெரின். என்னைவிட நாலு வயது சின்னவள். நான் அவளை டீச்சர் என்பேன், அவள் என்னை அக்கா என்பாள்.

முதல் வேலை, ஒரு மழலையர் பள்ளிக்கு இணையத்தில் சேர்க்கைப் படிவம்.

"டீச்சர், படிவத்தில் என்னென்ன கட்டம், எது கட்டாயம்ங்கிறதை எங்கே எழுதணும்? பக்கத்தோடவா, சர்வர்லயா, தனியா ஒரு ஃபைல்லயா?"

"உங்களுக்கு எங்கே தோணுதோ அங்கே எழுதுங்கக்கா."

எனக்கு எல்லா இடமும் தோன்றியது. பெற்றோர் பார்க்கும் பக்கத்தில் எழுதினேன். அனுப்பிய படிவத்தை வாங்கிச் சரிபார்க்கும் சர்வரில் எழுதினேன். பள்ளி குமாஸ்தாவின் திரையிலும் எழுதினேன்.

"மூணு பூட்டு போட்டிருக்கேன் டீச்சர், திருடனே வரமாட்டான்!"

ஷெரின் சிரித்தாள். 

சேர்க்கை முடிய இரண்டு நாள் இருக்கும்போது பள்ளியிலிருந்து சொன்னார்கள்: அம்மா பெயர் மட்டும் இருந்தாலே போதும், அப்பா பெயர் கட்டாயமில்லை. பெற்றோர் பார்க்கும் பக்கத்தில், கட்டாயம் என்று காட்டும் நட்சத்திரக் குறியை நான் எடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய் மாவு ஆட்டினேன்.

கடைசி நாள் நாலரை மணிக்கு ஒரு பெண் குழந்தையோடு படியேறி வந்தாள். பெயர் செல்லக்கிளி. பள்ளியில் எங்கள் இடத்தைச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அஞ்சு மணிக்குச் சேர்க்கை மூடிவிடும்.

"நட்சத்திரம் இல்லைன்னு அப்பா பேரை விட்டுட்டேன். அனுப்பினா, அப்பா பேரு வேணும்னு சிவப்பா வருது. இல்லாத ஆளுக்கு நான் எங்கே போய்ப் பேரு தேட?"

சர்வரை மறந்திருந்தேன். அங்கே திருத்தினேன். "இப்ப அனுப்புங்கக்கா."

படிவம் போனது. அவள் பெருமூச்சு விட்டாள். குழந்தை என் பேனாவை எடுத்துக்கொண்டது.

உடனே போன். பள்ளி குமாஸ்தா. "அப்பா பேரு இல்லாம இங்கே சேவ் ஆகமாட்டேங்குதும்மா. அந்தம்மாட்ட கேட்டுச் சொல்லுங்க."

மணி அஞ்சாகப் பத்து நிமிஷம். பதற்றத்தில், யோசிக்காமல் திரும்பி நானும் கேட்டேன். "அக்கா, குழந்தையோட அப்பா பேரு..."

செல்லக்கிளி குழந்தையின் காதைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அதான் இல்லைன்னு சொல்லிட்டேனேம்மா."

மூன்றாவது இடத்தையும் திருத்தினேன். நாலு ஐம்பத்தேழுக்கு சேவ் ஆனது. செல்லக்கிளி பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். நான் குழந்தையிடமே கொடுத்துவிட்டேன்.

அவர்கள் இறங்கிப் போகும் சத்தம் ஓய்ந்ததும் ஷெரினிடம் திரும்பினேன். 

"அப்ப எது கட்டாயம்ங்கிறதை எங்கேதான் டீச்சர் எழுதணும்?"

"அந்தம்மா எத்தனை தடவை பதில் சொல்லணும்னு நினைக்கிறீங்களோ, அத்தனை இடத்துல எழுதுங்கக்கா."