மறந்த மூட்டை இறங்கட்டும்

"இனி வண்டி கட்ட நாட்டில் மாடு இல்லை மகாராஜா," என்றார் அரண்மனைப் பண்டங்களைப் பார்த்துக்கொள்ளும் உக்கிராணத் தலைவர் வைரப்பர். "பதினெட்டு வண்டியும் நிறைந்துவிட்டது. சின்ன இளவரசி இங்கேயே இருக்கட்டுமே. ஒரு வருஷம்தானே!"

ஆறு வயது செங்கமலம் தாயின் முந்தானையைப் பிடித்தபடி நின்றாள். அழவில்லை. அதுதான் மந்திரி சொக்கேசருக்குத் தாங்கவில்லை.

மருத நாட்டை ஒரு காலத்தில் ஆண்ட வீரசேகர மன்னருக்குக் குடும்பத்தோடு காசிக்குப் போக ஆசை. ஒரு செம்பைக்கூட விட்டுப்போக மனமில்லை.

"வழி உண்டா மந்திரியாரே?" என்று கேட்டார் மன்னர்.

"உண்டு மகாராஜா. அவரவர் தம் மூட்டையைப் பிரிக்காமல் உள்ளே இருப்பதைச் சொல்லவேண்டும். சொன்னது வரட்டும். மறந்தது இறங்கட்டும். நினைவிலேயே இல்லாததை வழியில் யார் தேடப்போகிறார்கள்?"

வைரப்பர் சிரித்தார். "மந்திரியாரிடம் இருப்பதே இரண்டு வேட்டி. மன்னர் மூட்டையும் பிச்சை எடுக்கும் பண்டாரத்தின் மூட்டையும் ஒன்றா?"

"இல்லை. பண்டாரம் காசிக்குப் போய்ச் சேர்ந்துவிடுவான்."

மன்னருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நானே தொடங்குகிறேன். வெண்பட்டு, சந்தனக் கட்டை, கம்பளி... அப்புறம்..." மீசையைத் தடவினார். அப்புறம் ஒன்றும் வரவில்லை. ராணி எட்டுப் பொருள் சொன்னாள். ஒன்பதாவதற்கு விரலை மடக்கியபடியே நின்றுவிட்டாள். வண்டிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின.

கடைசி நான்கு வண்டிகள் யாருடையவை என்று மந்திரி கேட்டார். வைரப்பர் தொண்டையைச் செருமினார்.

"அடியேனுடையவை. தலைப்பாகை... தலைப்பாகை..."

பிரித்தார்கள். இருபத்திரண்டு தலைப்பாகை, ஓர் ஆட்டுக்கல், ஓர் ஊஞ்சல் பலகை.

"ஊஞ்சல் எதற்கய்யா?"

"வழியில் மரம் இருக்குமே, மகாராஜா."

சபையே சிரித்தது. மன்னர் சிரிக்கவில்லை.

"உம் ஊஞ்சலுக்கு இடம் இருந்தது. என் மகளுக்கு இல்லை, அப்படித்தானே? நீர் இங்கேயே இருந்து ஆடும்."

மன்னர் சொக்கேசர் பக்கம் திரும்பினார்.

"மந்திரியாரே, உமக்குப் பத்துப் பட்டு தருகிறேன்."

"திரும்பி வந்து தாருங்கள் மகாராஜா. இப்போது தந்தால் அதற்கொரு வண்டி கட்டவேண்டும்."

இரண்டே வண்டிகள் புறப்பட நின்றன. செங்கமலம் சக்கரத்தில் கால் வைத்து ஏறி, அம்மாவின் மடியருகே நெருக்கி உட்கார்ந்தாள். பின்னால் ஏறிய மன்னர், தன் வெள்ளிக் கால்மணையைத் தூக்கி வெளியே தரையில் வைத்தார். காலை மடக்கிச் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டார். வண்டிக்காரன் மாட்டைத் தட்டினான்.