பின்னால் போன கை

ருத்தேனியம் என்ற உலோகத்தில் செய்த மருந்து அது. இருட்டில் உறங்கும். ஒளி பட்டால் விழித்துக்கொண்டு பக்கத்திலிருக்கும் செல்லைக் கொல்லும். நரம்பில் ஏற்றினால் உடம்பெங்கும் ஓடும். ஒளியைப் புற்றுக்கட்டிமேல் மட்டும் காட்ட வேண்டும். அதனால் சலோமி அம்மாளின் ஆய்வறையில் எப்போதும் கறுப்புத் திரையும், மருந்தை எழுப்பாத ஒரு சிவப்பு விளக்கும்தான். அந்த வெளிச்சத்தில் யாரைப் பார்த்தாலும் செத்துப் பிழைத்த முகமாகத் தெரியும்.

அவரிடம் பயிலும் மாசிலாமணி மூன்று நாளாக அங்கேயே அடைந்து கிடந்தான். சோறும் தூக்கமும் அங்கேயே. அவன் அக்கா தெய்வானைக்கு நாக்கடியில் புற்று. எதிரே ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் படுத்திருந்தாள். தானாடாவிட்டாலும் தசையாடும் அல்லவா?

"அம்மா, இன்னைக்கே அக்காவுக்கு ஏத்திடலாம். ஒரு கெடுதலும் வராது."

"உனக்கெப்படித் தெரியும்?"

இடது கையை நீட்டினான். முழங்கைக்குக் கீழே ஊசி குத்திய தடம்.

"தோலுக்கடியில ஒரு சொட்டு. மூணு நாளாச்சு. எரியல, அரிக்கல. பச்சைத் தண்ணி மாதிரி கிடக்கு."

அம்மாள் திட்டவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"அக்காகிட்ட என்ன சொன்னே?"

"பயப்படாதேன்னு போன்ல சொன்னேன். வார்டுலயும் போன்லயே கெஞ்சி ஜன்னலோரக் கட்டில் வாங்கிக் குடுத்திருக்கேன். வெயில் நல்லா விழும். வெளிச்சம்னா அவளுக்கு உசிரு."

அம்மாள் எழுந்து போய்த் திரைக் கயிற்றைப் பிடித்தார்.

"கையை இங்க கொண்டா."

வெளியே பதினோரு மணி வெயில். திரை ஓரம் விலகியது. நூலளவு வெளிச்சம் தரையில் விழுந்து அவன் பக்கமாக ஊர்ந்து வந்தது.

கை வரவில்லை. அது எப்போது முதுகுக்குப் பின்னால் போனது என்று அவனுக்கே தெரியாது. சட்டைக்குள் நுழைந்து, விரல்களைச் சுருட்டிக்கொண்டு ஒளிந்திருந்தது. வேறு யாருடைய கையோ போலச் சில்லென்று முதுகில் ஒட்டியிருந்தது. முன்னால் இழுத்துப் பார்த்தான். அசையவில்லை.

அம்மாள் கயிற்றை விட்டார். அறை மறுபடி சிவந்தது.

"நல்ல மருந்துதான். ஏத்தலாம்" என்று சொல்லி, அலமாரியிலிருந்து ஒரு கறுப்புத் துணியை எடுத்து நீட்டினார். "கையில இதைச் சுத்திக்கிட்டு அக்காகிட்டப் போ. எதுக்குடா சுத்தியிருக்கேன்னு அவ கேப்பா. அதுக்குப் பதில் சொல்லு. அப்புறம் சம்மதக் கையெழுத்து வாங்கிக்கிட்டு வா."