புதுப்பெட்டிக்குப் பெயர் வைத்த அண்ணன்மார்

வாத்துக்கால்பட்டியில் அண்ணன் தம்பி மூன்று பேர். மூவருக்கும் சேர்த்து ஒரே தங்கச்சி. மூளையும் ஏறக்குறைய அதே கணக்கில்தான் வந்திருந்தது. மூத்தவன் சங்கிலிமுத்து, நடுவன் அய்யாக்கண்ணு, இளையவன் பூமிநாதன். தங்கச்சி பெயர் அன்னபாக்கியம்.

அன்னபாக்கியத்துக்கு நல்ல இடம் ஒன்று வந்திருந்தது. மாப்பிள்ளை கத்தாரில் கிரேன் ஓட்டுகிறவர். லீவு கிடைக்காததால் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வீடியோவில் பெண் பார்ப்பது என்று பேச்சு. மாப்பிள்ளையின் அம்மா குருவம்மாள் கறாராகச் சொல்லிவிட்டாள்: "நாலு மணிக்குப் பொண்ணு முகம் தெரியணும். தெரியலன்னா நாலரைக்கு வேற வீட்டுல சொல்லி வச்சிருக்கேன்." அன்னபாக்கியமோ மாப்பிள்ளை போட்டோவைத் தலையணை உறைக்குள் வைத்திருந்தாள். ஆக, விஷயம் சின்னது இல்லை.

அண்ணன்மார் வீட்டு வழக்கம், பெண்ணை உள்ளறையில் சாமி படத்துக்குக் கீழே கிழக்கே பார்த்து உட்காரவைத்துத்தான் காட்ட வேண்டும். வைஃபை பெட்டி இருப்பது முன்கூடத்தில். சிக்னல் உள்ளறைச் சுவர் வரைக்கும் வந்து நின்றுவிடும். அதற்காகப் புதுப்பெட்டி ஒன்று வாங்கினார்கள். நெட்காரரிடம் போனில் வழி கேட்டார்கள்.

"பழைய பெட்டி பாட்டுக்கு ஓடட்டும். கூட வந்த ஒயரால புதுசை அதோட இணைங்க. அப்புறம் புதுசுக்கு வேற பேர் வைங்க. ரெண்டுக்கும் ஒரே பேர் இருந்தா போன் குழம்பிடும்" என்றார் அவர். மனிதர் சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை.

ஒயர் இரண்டு முழம் இருந்தது. உள்ளறை இருபது தப்படி தள்ளி இருந்தது.

"எட்டலயே அண்ணே" என்றான் பூமிநாதன்.

"ஒயரை இழுத்தா அறுந்துடும். உள்ளறையை இங்க கொண்டாந்துடுவோம்" என்றான் சங்கிலிமுத்து.

கொண்டுவந்தார்கள். சாமி படம், குத்துவிளக்கு, நாற்காலி, படம் மாட்டியிருந்த ஆணி, எல்லாம் வந்தது. சுவரை மட்டும் விட்டுவிட்டார்கள், நேரம் போதவில்லை. கடைசியில் ஒயரை மாட்டி, அன்னபாக்கியத்தைப் பழைய பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்தார்கள். அந்த இடத்தில் ஆறு வருஷமாக போன் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தது. அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

அடுத்தது பெயர்.

"பேர்னா தாத்தா பேர்தான். மாடசாமி" என்றான் மூத்தவன்.

"முறைப்படி அத்தைதான் காதுல சொல்லணும்" என்றான் அய்யாக்கண்ணு.

"பெட்டிக்கு ஏதுடா அத்தை?"

"வாங்கினது நாம மூணு பேரு. அப்ப நம்ம தங்கச்சி அதுக்கு அத்தைதானே?"

சங்கிலிமுத்து தம்பியைப் பெருமையாகப் பார்த்தான். பூமிநாதனுக்கு இன்னொரு சந்தேகம். "காது எது?"

"மேல ரெண்டு நீட்டிக்கிட்டிருக்கே, அதான். கடைக்காரர் நாலு காது வச்சதுகூட ஒண்ணு காட்டினாரு. நான்தான் வேண்டாம்னுட்டேன். பார்க்கவே ஒரு மாதிரியா இருந்துச்சு" என்றான் சங்கிலிமுத்து.

"அண்ணே, மணி நாலாகப் போகுது. அவர் கூப்பிடுற நேரம்" என்றாள் அன்னபாக்கியம்.

"அதுக்குத்தான் தாயி சொல்றேன். பேர் வைக்காம விட்டு போன் குழம்பிடுச்சுன்னா, அவரு வேற யாரையாவது பார்த்து சரின்னு சொல்லிடுவாரு" என்றான் அய்யாக்கண்ணு.

அன்னபாக்கியம் உடனே, கட்டியிருந்த பட்டுச்சேலையோடு பெட்டியை வெள்ளைத் துணியில் சுற்றி மடியில் போட்டுக்கொண்டாள். அய்யாக்கண்ணு பெட்டியில் விளக்கு மினுங்கும் இடத்தில் ஒரு சொட்டு சீனித்தண்ணீர் தொட்டு வைத்தான். விளக்கு அணைந்தது. "தூங்குது" என்றான். அன்னபாக்கியம் குனிந்து காதில் மூன்று தடவை "மாடசாமி" என்றாள்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. பழைய பெட்டி தன் வேலையைச் சரியாகச் செய்தது. ஒரு பாதியில் மாப்பிள்ளை, மறுபாதியில் குருவம்மாள், இரண்டு முகமும் பளிச்சென்று தெரிந்தன.

"தம்பி, பொண்ணு மடியில என்ன?" என்றாள் குருவம்மாள்.

"பேர் வைக்கிறோம் அத்தே. முந்தாநாள்தான் வந்துச்சு" என்றான் சங்கிலிமுத்து.

கத்தாரில் ஒரு முகம் கறுத்தது. அன்னபாக்கியத்துக்குக் கண் கலங்கிவிட்டது. துணியை விலக்கிப் பெட்டியை போனுக்கு முன்னால் தூக்கிப் பிடித்தாள். "வைஃபை பெட்டிங்க. வேற ஒண்ணுமில்லைங்க."

குருவம்மாள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"முந்தாநாள் வந்ததுக்கு இன்னைக்கே பேரா? பெரியவங்க இல்லாத வீடுன்னு சொன்னது சரியாத்தான் இருக்கு. பதினாறு நாள் தீட்டு கழிய வேண்டாமா?"

"ஏம்மா, நம்ம வீட்டுப் பெட்டிக்கு என்ன பேர் வச்சோம்?" என்றார் மாப்பிள்ளை.

"எங்கடா வச்சோம்? உன் அத்தைதான் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாளே. அதான் அதுக்கு சிக்னலே இல்லாம பக்கத்து வீட்டுல வந்து பேசுறேன்." அன்னபாக்கியத்தை மறுபடி ஒரு பார்வை பார்த்தாள். "தூக்குற கைப்பக்குவம் நல்லாயிருக்கு. பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்கு. ஆனா தீட்டு வீட்டுல நாங்க கை நனைக்க மாட்டோம். பதினேழாம் நாள் நிச்சயத்துக்கு வர்றோம்."

போனை வைத்ததும் அண்ணன்மாருக்குக் கவலை பிடித்துக்கொண்டது. அவசரப்பட்டு வைத்த பெயரை என்ன செய்வது? யோசித்து, அன்னபாக்கியத்தை விட்டே பெட்டியின் இரண்டு காதிலும், "நீ இன்னும் மாடசாமி இல்லப்பா, பொறுத்துக்கோ" என்று சொல்லவைத்தார்கள். பதினாறு கழியும்வரை அந்தப் பெயர் அதன் காதில் விழாமல் ஆள் மாற்றி ஆள் காவல் இருந்தார்கள்.

ஊரில் பால் ஊற்றுகிறவர் பெயரும் மாடசாமிதான். அவரிடம் போய், பதினாறு கழியும்வரைக்கும் கொஞ்சம் பெயர் இல்லாமல் இருக்கும்படி கேட்டுக்கொண்டார்கள். அவரும் வாத்துக்கால்பட்டிக்காரர்தானே. சரி என்று சொல்லி, வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடமும் தெரிவித்துவிட்டார்.