ஈரப் பலகையும் உலகாயி பேரமும்

பேரம் பேசாத. ஒரு கதைன்னா ஒரு கதைதான். ரெண்டும் கிடையாது, ஒன்றரையும் கிடையாது. போர்வையை இழுத்துக்க. நான் நிறுத்துற இடத்துல "ம்" சொல்லணும். "ம்" வரலேன்னா அத்தை எழுந்து போயிட்டே இருப்பேன்.

ஒரு ஊர்ல ஒரு வாய்க்காரி இருந்தா. பேரு உலகாயி. வீடு வீடாப் போயி, பழசாப்போன மரச்சாமானை எல்லாம் அடிமாட்டு விலைக்குக் கேட்டு வாங்குவா. காய் நறுக்குற பலகை, மத்து, பூரிக்கட்டை, அஞ்சறைப்பெட்டி, எதையும் விட மாட்டா. கொண்டாந்து கண்ணாடிச் சில்லால சரக் சரக்னு சுரண்டுவா. உப்பும் எலுமிச்சை மூடியும் வெச்சுத் தேய்ப்பா. காய வெச்சு எண்ணெய் பூசுவா. பளபளன்னு ஆனதும் சந்தையில வித்துடுவா. யாரு சொன்ன விலைக்கும் அவ ஒரு கரண்டி கூட வாங்குனது இல்ல. எமனே வந்து நின்னாலும், "இன்னைக்குப் பாதி உசுரு எடுத்துக்க, மீதிக்கு அடுத்த வருஷம் வா"ன்னு சொல்றவ.

அவளுக்கு ஒரே பொண்ணு, கனகு. உன் வயசுதான். எதைப் பாத்தாலும் கை வெச்சுப் பாக்கணும் அவளுக்கு. உன்னை மாதிரியேதான்.

"ம்."

அப்புறம் ஒரு நாள் காலையில, பிச்சாண்டின்னு ஒரு கல்யாணச் சமையக்காரர் வீட்டுக்குப் போனா. கொல்லையில பெரிய புளியமரப் பலகை ஒண்ணு சாஞ்சு நின்னுச்சு. நூறு கல்யாணத்துக்குப் பூசணிக்காய் வெட்டுன பலகை. ஒரு வருஷம் பாழுங்கிணத்துல விழுந்து கிடந்து, முந்தின நாள்தான் மேல வந்துச்சாம். கன்னங்கரேல்னு, தொட்டா ஜில்லுனு இருந்துச்சு.

"விலையை நீயே சொல்லும்மா, நான் மல்லுக்கட்ட மாட்டேன்" அப்படின்னார் பிச்சாண்டி. "ஆனா மூணு நாள் இது நிழல்ல காயணும். அப்புறம்தான் எண்ணெய். உள்ள கிணத்து ஈரம் உக்காந்திருக்கு. அது போற வழியை அடைச்சா, வேற வழி தேடும்."

"மூணு நாளா? நாளைக்குச் சந்தை இருக்கே. ஒரு நாள் வெச்சுக்கலாம்."

"இது விலை இல்லம்மா. நாளு."

"எல்லாம் ஒண்ணுதான். போகட்டும், உமக்கும் வேணாம், எனக்கும் வேணாம். அரை நாள்."

"சொன்னது சொன்னதுதான்" அப்படின்னுட்டு அவர் உள்ள போயிட்டார். உலகாயி பலகையைத் தலையில வெச்சுக்கிட்டு, நாம ஜெயிச்சுட்டோம்னு நடந்து வந்தா.

அன்னிக்குச் சாயங்காலமே எண்ணெய் பூசிட்டா. மேல ஒரு கை, கீழ ஒரு கை, ஓரம் நாலும். பூசப் பூசப் பலகைக்குள்ள ஒரு சத்தம். களக். களக். யாரோ வாய் நிறையத் தண்ணி வெச்சுக்கிட்டுப் பேச வர்ற மாதிரி. "காத்து"ன்னுட்டு அடுப்பு பாக்கப் போயிட்டா.

அந்நேரம் பாத்து கனகு வந்தா. பளபளன்னு இருக்கேன்னு உள்ளங்கையை வெச்சா.

பச்சக்.

"அம்மா, கை வரல."

உலகாயி ஓடி வந்து இழுத்தா. கை வரல. கனகோட விரல் அஞ்சும், நாள் முழுக்கத் தண்ணியில கிடந்த மாதிரி வெளுத்துச் சுருங்கிப்போச்சு. அந்தச் சுருக்கம் மெல்ல மெல்ல மேல ஏறி மணிக்கட்டுக்கு வந்து நின்னுச்சு. கை ஐஸ் மாதிரி இருந்துச்சு.

"ம்" எங்க?

"ம். அத்தை, விளக்கை அணைக்காதே."

அணைக்கல. அப்புறம் உலகாயிக்குக் கோவம் வந்துடுச்சு. "எங்கிட்டேயேவா?"ன்னு பலகையையும் பிள்ளையையும் அடுப்புக்கிட்ட இழுத்துட்டுப் போனா. அனல்ல காஞ்சா விட்டுடும்னு நினைச்சா. ஈரம் தீயைக் கண்டா எங்க ஓடும்? இருக்கிறது ஒரே வழி. விசுக்னு கனகு முழங்கை வரைக்கும் ஏறிடுச்சு. பிள்ளை இருமினா. வாயில இருந்து கொஞ்சம் தண்ணி வந்துச்சு. பாசி வாடை அடிக்குற கிணத்துத் தண்ணி.

அப்போதான் உலகாயிக்குப் பிச்சாண்டி சொன்னது ஞாபகம் வந்துச்சு. பிள்ளையை இடுப்புல, பலகையைத் தோள்ல போட்டுக்கிட்டு, திடு திடுன்னு பிச்சாண்டி வீட்டுக்கு ஓடினா. போய்ச் சேர்றதுக்குள்ள ஜில்லிப்பு பிள்ளையோட தோளைத் தொட்டுருச்சு.

"எத்தனை நாள் காஞ்சுது?"

உலகாயி பொறந்ததுல இருந்து அவ்வளவு மெதுவாப் பேசுனது இல்ல. "அரை நாள்."

பிச்சாண்டி திட்டல. "பூசுன எண்ணெயைச் சுரண்டி எடு. இந்த நிழல்ல பிள்ளையோட உக்காரு. மூணு நாள். அந்த ஈரம் உன்கூடப் பேரம் பேசும், உன்னை விட நல்லாப் பேசும். ஒத்துக்கிட்டு ஒரு சொட்டு எண்ணெய் வெச்சேன்னா, தொண்டைக்கு ஏறிடும். தரையில உக்காந்தபடியே உன் பிள்ளை முங்கிப் போவா."

சரக், சரக், சரக். சுரண்டி முடிச்சா. பலகைக்கு அடியில சொட்னு ஒரு துளி விழுந்துச்சு. பிள்ளைக்குச் சோத்தைப் பிசைஞ்சு ஊட்டினா. உக்காந்தா.

முதல் நாள் சாயங்காலம். களக், களக். "உலகாயி, மூணு நாள் அநியாயம் இல்லையா? ரெண்டுன்னு முடிச்சுக்கலாம். ஒரு சொட்டு எண்ணெய் வை, நாளைக்கே கையை விட்டுடறேன்." நல்ல பேரம். அவ நாக்கு நுனி வரைக்கும் பதில் வந்துடுச்சு. முந்தானையை வாயில வெச்சுக் கடிச்சுக்கிட்டா. சொட்.

"ம்."

ரெண்டாம் நாள். கனகு மடியில படுத்துத் தூங்குறா. வாயி மூடியிருக்கு. ஆனா கனகு குரல் கேக்குது. "அம்மா, வலிக்குதும்மா. ஒரே ஒரு சொட்டும்மா. உனக்கு என்னை விடச் சந்தைதான் முக்கியமா?"

உலகாயி குனிஞ்சு பிள்ளை வாயையே பாத்தா. உதடு அசையல. குரல் மட்டும் பலகைக்குள்ள இருந்து அழுவுது. பிச்சாண்டி வீட்டு எண்ணெய்க் கிண்ணி கைக்கெட்டுற தூரத்துல இருந்துச்சு. ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வெச்சு உக்காந்துக்கிட்டா. கண்ணுல மட்டும் தண்ணி. பலகைக்கு அடியில சொட், சொட்.

அப்புறம் மூணாம் நாள். பொழுது சாயுற நேரம். ஜில்லிப்பு விரலுக்கு இறங்கியிருச்சு. இன்னும் ஒரு நாழிகைதான் பாக்கி. இப்போ பலகை உலகாயி குரல்லயே பேசுது. "சரி, உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம். ஒரு நாழிகையைத் தள்ளிவிடு. ஒரு நாழிகைக்குப் போயி யாராவது மல்லுக்கட்டுவாங்களா? நீதான் கேட்ட விலைக்கு எதையும் வாங்காதவளாச்சே."

உலகாயி பலகையை உத்துப் பாத்தா. வாயைத் திறந்தா.

"சொன்னது சொன்னதுதான்" அப்படின்னா.

பலகைக்குள்ள கிணறே புரண்ட மாதிரி ஒரு சத்தம். டப்புனு நடுவுல ஒரு விரிசல். அடியில இருந்து ஒரு குடம் கறுப்புத் தண்ணி கொட்டி மண்ணுல போயிடுச்சு. கனகு கை தானா வந்துடுச்சு. எல்லா விரலும் சிவந்து சூடாச்சு, சுண்டு விரல் மட்டும் சுருங்குனது சுருங்குனதுதான். விரிசல் விட்ட பலகையை உலகாயி விக்கல. மறுநாள் எண்ணெயை லேசாச் சுட வெச்சு, துணியால பூசி, மிச்சத்தைத் துடைச்சு எடுத்துட்டு, வீட்டுலயே வெச்சுக்கிட்டா.

"அத்தை, நம்ம காய் நறுக்குற பலகையிலயும் விரிசல் இருக்கே."

இருக்கும்.

"அடுப்படியில சொட்டுச் சொட்டுனு கேக்குதே."

அது குழாய். கையைக் கொடு, பிடிச்சுக்க.

"அத்தை, உன் சுண்டு விரல் ஏன் இப்படிச் சுருங்கியிருக்கு?"

பயப்படாத, ஒட்டாது. நான் மூணு நாள் முழுசாக் காஞ்சவ. கதையும் காஞ்சுபோச்சு, கண்ணை மூடு.

"இன்னும் அரைக் கதை?"

சொன்னது சொன்னதுதான். தூங்கு.