துணைப்புலத்தின் செலவு

“ஒண்ணு வேகத்தை விடணும், இல்லேன்னா பயனை விடணும். ரெண்டும் சேர்ந்து வரவே மாட்டேங்குது சார்” என்றாள் ஹேமலதா.

பேராசிரியர் இம்மானுவேல் அவளைவிட வயதில் இளையவர். கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே, நாற்பதைத் தாண்டிய பிறகு, அவரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவள் அவள்.

ஒற்றை அணுவால் ஓடும் வெப்ப இயந்திரம் அவளுடைய பொருள். ஒளியால் பிடித்து நிறுத்திய அணுவைச் சூடாக்கி, பிடியைத் தளர்த்தி, குளிரவைத்து, இறுக்கி வேலை வாங்க வேண்டும்.

மெதுவாக ஓட்டினால் எதுவும் வீணாகாது. ஆனால் ஒரு சுற்று முடிவதற்குள் யுகம் போய்விடும்.

வேகமாக ஓட்டினால் அணு கலைந்துபோகும். கிடைக்க வேண்டிய வேலையில் ஒரு பங்கு உரசலில் கரைந்துவிடும்.

“அப்ப என்னதான் சார் செய்யறது?”

“கணினியில ஓட்டிப் பாருங்க” என்றார் அவர்.

மழைக்காலம் முடிவதற்குள் அவளுக்கு ஒரு வழி கிடைத்தது. இயந்திரத்தோடு ஒரு துணைப்புலத்தையும், அதாவது வெளியிலிருந்து அணுவைத் தாங்கும் இன்னொரு விசையையும், சேர்த்தாள். அணு கலையப் போகிற ஒவ்வொரு கணத்திலும் அந்தப் புலம் அதைப் பிடித்து நிறுத்தியது. சுற்று வேகமாக முடிந்தது. பயனோ மெதுவாக ஓட்டியபோது கிடைத்த அதே அளவு.

விடைகளை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். இம்மானுவேல் நிதானமாகப் பார்த்தார். பிறகு எழுந்து பலகையில் ஒரு வட்டம் போட்டு, உள்ளே ‘அணு’ என்று எழுதினார்.

“இதுதான் உங்க கணக்கு. பிடிச்சு நிறுத்தற புலம் எங்கே இருக்கு?”

அவள் வட்டத்துக்கு வெளியே காட்டினாள்.

அவர் வட்டத்தை உள்ளங்கையால் அழித்தார். இன்னும் பெரிதாக ஒன்றைப் போட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

புலத்தின் செலவையும் சேர்த்து அவள் மறுபடி கணக்குப் போட்டாள். எளிதாக வரவில்லை. ஆனால் அவளுக்கு நேரம் இருந்தது. அவளுக்கு எப்போதும் நேரம் இருந்தது. வீட்டைத் தங்கை சுகந்தி பார்த்துக்கொண்டாள்.

அம்மா பக்கவாதத்தில் விழுந்தபோது, நர்சிங் முடித்திருந்த சுகந்திக்குத் திருச்சியில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்திருந்தது. கொஞ்ச நாள் மட்டும் வந்து இரு என்று ஹேமலதாதான் கூப்பிட்டாள். சுகந்தி வந்தாள். அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்தாள், ஊட்டினாள், துடைத்தாள். மருத்துவமனைக்காரர்கள் கொஞ்சம் காத்திருந்துவிட்டு வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். போன வருஷம் அம்மா இறந்தாள். அதன் பிறகும் சுகந்தி சமையலறையிலேயே இருந்தாள். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

விடை வந்ததும் ஹேமலதா மறுபடி இம்மானுவேலிடம் போனாள்.

“எதுவும் மிச்சமாகலை சார். அணு இழக்காததை எல்லாம் புலம் இழந்திருக்கு. சில இடத்துல அதைவிடக் கூடவே.”

“முதல்லயே ஏன் தெரியலை?”

“அது இயந்திரத்துல சேர்த்தியில்லைன்னு நினைச்சுட்டேன். அது பாட்டுக்குப் பிடிச்சுக்கிட்டு இருந்தது, நான்...”

நிறுத்திவிட்டாள்.

தாள்களை மேசைமேலேயே விட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். உடம்பு சரியில்லையா என்று அவர் கேட்டது அவள் காதில் விழவில்லை.

அவள் வீட்டுக்கு வந்தபோது சுகந்தி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சீக்கிரம் வந்துவிட்டாயே, காப்பி போடட்டுமா என்று எழப் போனாள். ஹேமலதா அவள் தோளை அழுத்தி உட்காரவைத்துவிட்டு, தானும் எதிரே தரையில் உட்கார்ந்தாள். ஒரு கைப்பிடி கீரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எதில் ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

“திருச்சியில உனக்கு எந்த வார்டு கொடுத்திருந்தாங்க?”

சுகந்தியின் கை நின்றது.

“குறைமாசக் குழந்தைங்க வார்டு” என்றாள். பிறகு, கீரையைப் பார்த்தபடியே சொன்னாள்:

“இதை நீ கேட்டதே இல்லைக்கா.”