தண்ணியில போன தாய ஓலை

ஒரு காட்டுல, வெயில் வந்தா பாறை மேலயே தோசை சுடலாம்ங்கற மாதிரி ஒரு காட்டுல, ஒரே ஒரு ஊத்து இருந்துச்சு பிள்ளைகளா. ஊத்துக்கு இந்தப் பக்கம் நாவல் மர நிழல். அந்தப் பக்கம் மொட்டைப் பாறை. கோடைக்கு நிழல் யாருக்குன்னு வருஷா வருஷம் தாயம் ஆடித்தான் முடிவு பண்ணுவாங்க. சண்டை போட்டா ரத்தம் வரும், தாயம் ஆடினா கோவம் மட்டும்தான் வரும், அதனால இப்படி ஒரு வழக்கம்.

போன வருஷம் ஜெயிச்சு நிழல்ல இருந்தது கீரி. பயங்கர அவசரக்காரன். சோத்துல கை வைக்கறதுக்குள்ளயே கை கழுவிடுவான். அவன் பொண்டாட்டி செவந்தி அப்பத்தான் குட்டி போட்டிருந்தா. ஒண்ணுக்கும் இன்னும் கண்ணு திறக்கலை. இந்த வருஷம் தோத்தா, அதுங்களைத் தூக்கிக்கிட்டுப் பாறைக்குப் போகணும்.

கீரி வளையில ஒரு ஓலைக்கட்டு கிடந்துச்சு. எப்பவோ செத்துப்போன ஒரு முள்ளம்பன்றி, தன் முதுகு முள்ளையே பிடுங்கி, தாயம் ஆடற சூட்சுமத்தையெல்லாம் எழுதி வெச்சது. கீரி அதை எடுத்துப் புரட்டிக்கிட்டு இருந்தப்போ கிளி வந்தா. ஊர்க்காடெல்லாம் சுத்தி, கிளையில உட்கார்ந்து இந்தக் காலத்து ஆட்டம் பூரா பார்த்தவ. அதனால மூக்கைத் தூக்கிக்கிட்டுத்தான் பேசுவா, இப்படி:

"க்கீ... என்னண்ணே, எந்தக் காலத்து ஓலை இது?"

"தாயம் ஆடறதுக்கும்மா. முதல் ஓலையில பாரு, தாயம் விழுந்தா புதுக்காய் இறக்காதே, பழைய காயை நகர்த்துன்னு போட்டிருக்கு."

"க்கீ க்கீ... இப்ப யாருண்ணே அப்படி ஆடறா? தாயம் விழுந்தா இறக்கு, இறக்கினதை ஓட்டு. அவ்வளவுதான் ஆட்டம்."

ரெண்டு மாதிரியும் ஆடிப் பார்த்தாங்க. கிளி சொன்னதுதான் சரி. முள்ளம்பன்றி எழுதினது தப்பு.

"பார்த்தியா செவந்தி, ஒரு முட்டாப்பய எழுதினதை இத்தனை நாளா கட்டி அழுதிருக்கேன்" என்று கீரி ஓலைக்கட்டைத் தூக்கினான்.

"ஏங்க, ஒரு ஓலை தப்புன்னா எல்லாமா தப்பு? அங்கயே போட்டு வைங்க, நானாவது படிக்கிறேன்."

"நீ படிச்சு யாரை வெட்டப் போற?"

ஓலைக்கட்டை ஊத்துல வீசினான். ஓலையெல்லாம் பிரிஞ்சு, ஊத்துலேர்ந்து ஓடற ஓடைத் தண்ணியோட போயே போச்சு.

ஆட்ட நாள் வந்துச்சு. எதிர்ல காட்டெருமை. சோம்பேறின்னா அப்படி ஒரு சோம்பேறி. ஈ உட்கார்ந்தா வாலை ஆட்டறதுக்கே யோசிப்பார்.

"ம்ம்ம்... ஆரம்பிப்போமாப்பா. எனக்குத் தூக்கம் வருது."

வேடிக்கை பார்க்கறவங்க வாயே திறக்கக்கூடாதுன்னு சட்டம். கிளி கிளையில கம்முன்னு உட்கார்ந்தா.

கீரி சோழியைப் போட்டான், காயை இறக்கினான், ஓட்டினான். எருமை குளம்பால சோழியைத் தட்டித் தட்டி, வழியில இருக்கற மலைக்கட்டத்துல ரெண்டு காயை ஏத்தினார். மலையில இருக்கற காயை யாரும் வெட்ட முடியாது. ஏத்தினவர், வெட்டக் காய் கிடைச்சாத் தவிர இறங்கவே இல்லை.

"மாமா, நகர மாட்டீங்களா?"

"எதுக்குப்பா, இங்கயே சௌகரியமா இருக்கு."

கீரியோட காய் மலையைத் தாண்டி ஓடும். எருமையோட ஒரு காய் இறங்கி வெட்டும். இன்னொண்ணு அங்கயே காவல் இருக்கும். வெட்டின காய் சுத்தி வந்து மறுபடி மலையில ஏறிக்கும். கீரி திரும்பவும் முதல்லேர்ந்து ஓடுவான். திரும்பவும் வெட்டு.

கீரி அண்ணாந்து கிளியைப் பார்த்தான். கிளி முழிச்சா. இந்தக் காலத்துல யாரும் இப்படிப் படுத்துக்கிட்டு ஆடறதில்லை, அவ பார்த்ததே இல்லை.

அப்பத்தான் கீரிக்குப் பொறி தட்டுச்சு. ஓலைக்கட்டு நடுவுல எங்கயோ படிச்சிருக்கான். 'எதிராளி மலையில ஏறிப் படுத்துக்கிட்டா, நீ...'

நீ? நீ என்ன பண்ணணும்? ஓடணுமா, நிக்கணுமா? கண்ணை மூடிப் பார்த்தான், காதைச் சொறிஞ்சு பார்த்தான். அதுக்கு மேல ஒரு எழுத்து வரலை.

"போடுப்பா, பொழுது போகுது" என்றார் எருமை.

கீரி போட்டான், ஓட்டினான். வெட்டு விழுந்துச்சு. ஆட்டம் முடிஞ்சுது, இந்தக் கோடைக்கு நிழல் எருமைக்குன்னு ஆச்சு.

கிளி மெதுவா இறங்கி வந்தா. "அண்ணே, அந்த ஓலையில இதுக்கு ஏதாவது வழி போட்டிருந்துச்சா?"

"போட்டிருந்துச்சு."

"அப்புறம் ஏண்ணே தண்ணியில விட்டீங்க?"

"நீதானே தப்புன்ன."

"நான் பார்த்தது முதல் ஓலைதாண்ணே. மத்ததை நீங்க எனக்குக் காட்டவே இல்லையே."

கீரி வளைக்குள்ள போனான். கண்ணு திறக்காத குட்டி ஒண்ணை வாயில கவ்விக்கிட்டான். செவந்தி இன்னொண்ணைக் கவ்விக்கிட்டா, அவன் மூஞ்சியைப் பார்க்கலை. பாறை காலைச் சுட்டுச்சு. வாயில குட்டி இருந்ததால அவனால ஓடவும் முடியலை.

நீதி: பழைய ஏட்டில் ஒரு தப்பைக் கண்டால் அந்தத் தப்பை மட்டும் தள்ளு, ஏட்டையே தள்ளிவிடாதே.